எடுக்கறதுக்கு நெட் வேணாம், திரும்ப வெக்கறதுக்கு வேணும்

நேத்து ராத்திரி பன்னெண்டே முக்காலுக்கு கரண்ட் வந்துச்சு. எப்டி தெரியும்னா தெருவுல பசங்க "மீ லா பீ"ன்னு கத்துனாங்க. ரங்கூன்ல இருக்கறவங்களுக்கு இத விளக்க வேணாம், வெளியூர் ஆளுங்களுக்காக சொல்றேன், கரண்ட் வந்துருச்சுன்னு அர்த்தம், எந்நேரமானாலும் யாராவது ஒருத்தன் கத்தாம விடமாட்டான். கரண்ட் வந்த உடனே எங்க வீட்ல ஆளுக்கு ஒரு வேல. அம்மா மோட்டார போட்டு மேல தண்ணி ஏத்துவாங்க, தங்கச்சி இஸ்திரி பொட்டிய எடுப்பா, நான் லேப்டாப்ப தொறந்து சாஃப்ட்வேர் போடற ஆப்ட்-கெட் இன்ஸ்டால் கமாண்ட அடிப்பேன். "ஊரே தண்ணி புடிக்குது, இவன் மட்டும் கறுப்பு ஸ்கிரீன பாத்துக்கிட்டு உக்காந்துருக்கான்"னு அம்மா தெனமும் சொல்றது. சரி, அந்த கறுப்பு ஸ்கிரீன்ல அப்டி என்னதான் பண்றேன்னு ஒரு தடவ எழுதிரலாம்னு தோணுச்சு.

ஒரு விஷயம் முதல்லயே. கமாண்டெல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதப்போறேன், வரிக்கு வரி கீபோர்ட மாத்திக்கிட்டு இருக்க பொறும இல்ல. நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிங்க. நான் யூஸ் பண்றது டெபியன்ங்கற லினக்ஸ், அதனால அதுல சாஃப்ட்வேர் போடற எடுக்கற ஆப்ட், டிபிகேஜி பத்திதான் பேச்சு, உபுண்டு, மின்ட்னு அதே குடும்பத்து லினக்ஸ் வெச்சுருக்கவங்களுக்கும் இதேதான். ஃபெடோரா ஆளுங்க டிஎன்எஃப்னு ஒண்ணு வெச்சுருக்காங்க, அத நான் தொட்டதில்ல.

எனக்கு இந்த பழக்கம் வந்ததே மாமா கடையாலதான். டவுன்ல ஒரு ஜெராக்ஸ் கடை, பர்மீஸ் டைப்பிங், கல்யாண பத்திரிக, விசிட்டிங் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ்னா தமிழ் டைப்பிங்கும் உண்டு. காப்பி விண்டோஸ் போட்டு வைரஸ் வந்து வைரஸ் வந்து மாமா வெறுத்துப்போன ஒரு நாள், நான்தான் வீராப்பா "உபுண்டு போட்டுரலாம் மாமா, காசும் இல்ல, வைரஸும் இல்ல"ன்னேன். முதல் முதல்ல நான் டெர்மினல்ல, அதான் கமாண்ட் அடிக்கற கறுப்பு ஸ்கிரீன்ல, இன்ஸ்டால் பண்ணது என்ன தெரியுமா, ஃபான்ட்தான். தமிழுக்கு லோகித், பர்மீஸுக்கு படாவ்க். படாவ்க்னா நம்ம ஊர்ல திஞ்ஜான் தண்ணித் திருவிழா சமயத்துல மழ பேஞ்சா மறுநாள் மரமெல்லாம் மஞ்சளா பூக்குமே அந்த பூ, அந்த பேர ஒரு ஃபான்ட்டுக்கு வெச்சு, அத ஒரு பேக்கேஜா கட்டி, ஒரே வரில எறக்கிக்கலாம்னு பாத்தப்ப எனக்கு கொஞ்சம் புல்லரிச்சது உண்ம. அப்ப கடைக்கு வர்றவங்கள்ல முக்காவாசி பேரு ஸாஜீங்கற பழைய பர்மீஸ் ஃபான்ட்ல டைப் பண்ணி எடுத்துட்டு வருவாங்க, யூனிகோட்ல தொறந்தா எழுத்தெல்லாம் கந்தல், நாடே 2019 அக்டோபர் 1ல யூனிகோடுக்கு மாறுற வரைக்கும் அந்த தலவலி ஓடுச்சு, அது தனி கத.

இன்ஸ்டால் பண்றது சுலபம். சூடோ ஆப்ட் அப்டேட், அப்புறம் சூடோ ஆப்ட் இன்ஸ்டால், பேக்கேஜ் பேரு, அது கேக்கறதுக்கு சரின்னு ஒய் தட்டுனா முடிஞ்சுது. சூடோன்னா அட்மினா ஓட்டுன்னு அர்த்தம். அதனாலயே யாரும் அத யோசிக்கறதில்ல. ஆனா உள்ள நடக்கறது ரெண்டு வேல. ஆப்ட் பண்றது ஒண்ணு, அது என்னென்ன வேணும்னு கணக்கு போட்டு நெட்லேருந்து எறக்கிட்டு வரும். டிபிகேஜி பண்றது இன்னொண்ணு, அது எறங்குன டெப் ஃபைல, அதான் பேக்கேஜ் மூட்டைய, பிரிச்சு எடத்துல வெக்கும், அப்புறம் கான்ஃபிகர் பண்ணும், அதாவது ஓடறதுக்கு தயார் பண்ணும். டிபிகேஜி 1994லயே இருக்கு, ஆப்ட் பின்னாடி வந்தது, 1999ல டெபியன் 2.1ல சேந்துச்சு. அதாவது அஞ்சு வருஷம் போல ஜனங்க ஆப்ட் இல்லாமயே ஓட்டிருக்காங்க. இந்த ரெண்டும் வேற வேற வேலங்கறத வேற ஊர்ல இருக்கறவன் தெரிஞ்சுக்காமயே காலத்த ஓட்டிரலாம். இங்க முடியாது, ஏன்னா எறக்கறதுக்கு வேண்டியது நெட், பிரிச்சு வெக்கறதுக்கு வேண்டியது கரண்ட், இந்த ரெண்டும் நம்ம ஊர்ல ஒரே நேரத்துல வர்றது அமாவாசையும் வெள்ளிக்கிழமையும் சேந்து வர்ற மாதிரி.

அதுக்கு முன்னாடி நான் பண்ண பெரிய கூத்த சொல்லிர்றேன். 2017. கடை மிஷின்ல உபுண்டு 16.04. அப்ப நான் பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழிய கத்துக்கிட்டு இருந்தேன், அதுல இருந்தது 3.5, எனக்கு 3.6 வேணும், புத்திசாலி என்ன பண்ணான்னா புதுச போடறதுக்கு முன்னாடி பழச எடுத்துரலாம்னு சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3 அடிச்சான். ஒரு லிஸ்ட் வந்துச்சு. நீளமா. நான் படிக்கல. படிச்சுருந்தா உபுண்டு டெஸ்க்டாப்னு ஒரு பேரு அதுல இருந்தத பாத்துருப்பேன். ஒய். கடகடன்னு ஓடுச்சு, முடிஞ்சப்ப பாத்தா மேல இன்னொரு செய்தி, இந்த இந்த பேக்கேஜெல்லாம் இனிமே தேவையில்ல, வேணும்னா ஆட்டோரிமூவ் போடுன்னுச்சு. அட, சுத்தம் பண்ணவும் சொல்லுதேன்னு அதையும் போட்டேன்.

ரீஸ்டார்ட் பண்ணா வெறும் கறுப்பு ஸ்கிரீன், லாகின்னு ஒரு வார்த்த, பக்கத்துல மினுக்கு மினுக்குன்னு ஒரு கோடு. சரி, தப்பாயிருச்சு, திரும்ப இன்ஸ்டால் பண்ணிக்கலாம்னு பாத்தா வைஃபை இல்ல. வைஃபைய புடிச்சுக் குடுக்கற நெட்வொர்க் மேனேஜரும் அந்த கும்பலோட போயிருந்துச்சு. அப்பதான் உறைச்சுச்சு, எடுக்கறதுக்கு நெட் எதுவும் வேணாம், கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள எடுத்துரும், திரும்ப வெக்கறதுக்குத்தான் நெட் வேணும், அந்த நெட்டுக்கு போற வழியையே நான் எடுத்துட்டேன். கெணத்துக்குள்ள எறங்கிட்டு கயித்த அறுத்த கத.

மாமா டீ குடிச்சுட்டு வந்தாரு. "என்ன மாப்ள, படம் இல்லாத டிவி மாதிரி இருக்கு?"

"அப்டேட் ஓடுது மாமா."

"நாளைக்கு காலைல பத்திரிக பிரிண்ட் குடுக்கணும், தெரியும்ல?"

"ஓடி முடிஞ்சுரும் மாமா."

பொய்தான், வேற என்ன சொல்றது. அவரு வீட்டுக்கு போனதும் ஷட்டர பாதி எறக்கிட்டு உக்காந்தேன். டவுன்லோட் பண்ணது எங்கயாவது சேத்து வெச்சுருக்கும்னு கேள்விப்பட்டுருந்தேன், /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ்னு ஒரு ஃபோல்டர், தொறந்தா காலி. இது ஏன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. பழைய ஆப்ட்-கெட் இருக்கே, அது எறக்குன டெப் ஃபைல அந்த ஃபோல்டர்ல அப்டியே விட்டு வெக்கும். புது ஆப்ட் கமாண்டு 1.2 வெர்ஷன்லேருந்து இன்ஸ்டால் ஆனதும் அத அழிச்சுரும். டிஸ்க் எடம் மிச்சமாகும்னு நல்ல எண்ணத்துலதான் பண்ணிருக்காங்க, ஃபைபர் நெட் இருக்கற ஊர்ல இது நியாயம், எனக்கு டிஸ்க்கு எடம் மலிவு, ஒரு எம்பி நெட்டுதான் வெல. அதனால இன்னிக்கு வரைக்கும் நான் வீட்ல ஆப்ட்-கெட்தான் அடிக்கறேன், பழைய ஆளுன்னு நெனச்சுக்குங்க.

அந்த ராத்திரி காப்பாத்துனது ரெண்டு விஷயம். ஒண்ணு ஃபோன். இந்த தலமுறைக்கு சொன்னா நம்பாது, 2014க்கு முன்னாடி பர்மாவுல ஒரு சிம் கார்டு வாங்கறதுன்னா ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கற காசு, அந்த வருஷம் புது கம்பெனிங்க வந்து 1500 கியாட்டுக்கு சிம் வித்தாங்க, தெருவெல்லாம் வரிச. அந்த சிம் இருந்த ஃபோன கேபிள்ல மாட்டி, ஃபோன் நெட்ட கம்ப்யூட்டருக்கு குடுக்கற டெத்தரிங்க ஆன் பண்ணி, டிஹெச்கிளையன்ட் யுஎஸ்பி0ன்னு அடிச்சா நெட்வொர்க் மேனேஜர் இல்லாமயே ஐபி, அதான் நெட்டுக்கு வேண்டிய முகவரி, கெடச்சுரும்னு ஃபோன்லயே தேடி படிச்சேன். கெடச்சுது. அப்ப வந்த சந்தோஷத்த எழுதி புரிய வெக்க முடியாது. இன்னொண்ணு, /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்னு ஒரு ஃபைல். நான் எந்த நேரத்துல எந்த கமாண்ட அடிச்சேன், அதனால எதெல்லாம் போச்சு, எந்த வெர்ஷன், அத்தனையும் அதுல வரிசயா எழுதியிருக்கு. செட்டியார் வீட்டு பேரேடு மாதிரி, நீ மறந்தாலும் அது மறக்காது. ரிமூவ்னு ஆரம்பிக்கற வரிய எடுத்து, வெர்ஷன் நம்பரெல்லாம் அழிச்சு, பேர மட்டும் வெச்சு திரும்ப இன்ஸ்டால் போட்டேன். டாப்-அப் கார்டு ரெண்டு காலி. காலைல ஏழு மணிக்கு பத்திரிக பிரிண்ட் ஆச்சு. மாமாவுக்கு இன்னும் தெரியாது, இத படிச்சா தெரிஞ்சுக்கட்டும், மன்னிச்சுருங்க மாமா.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லன்னு பின்னாடி ஒரு ஆறுதல் கெடச்சுது. 2021ல ஒரு பெரிய யூடியூபர், பாப் ஓஎஸ்ங்கற லினக்ஸ்ல ஸ்டீம்ங்கற கேம் சாஃப்ட்வேர் போடப் போயி, ஆப்ட் எச்சரிக்க குடுத்து, உறுதின்னா "யெஸ், டூ ஆஸ் ஐ சே!"ன்னு முழுசா டைப் பண்ணுன்னு கேட்டு, அவரும் டைப் பண்ணி, டெஸ்க்டாப்பே போச்சு. அவரு எடுக்கக்கூட போகல, போடத்தான் போனாரு. அதான் சொல்றேன், இன்ஸ்டால்லயும் ரிமூவ்னு ஒரு வரி வரும், அத பாக்காம ஒய் அடிக்காதீங்க. பயமா இருந்தா நடுவுல -எஸ் போட்டு பாருங்க, சிமுலேட், செய்யாம செஞ்சா என்ன ஆகும்னு மட்டும் காட்டும். எனக்கு இப்ப அது கை பழக்கம்.

2021னு சொன்னதும் ஞாபகம் வருது. அந்த வருஷம் பிப்ரவரி 15லேருந்து ராத்திரி ஒரு மணிக்கு நெட்ட நிறுத்துனா காலைல ஒம்போது மணிக்குதான் விடுவாங்க, மார்ச்சுல மொபைல் டேட்டாவும் போச்சு. ஏன் எதுக்குன்னு இங்க எழுதல, தெரிஞ்சவங்களுக்கு தெரியும். அந்த மாசங்கள்லதான் எறக்கறதையும் வெக்கறதையும் பிரிக்க கத்துக்கிட்டேன். ஆப்ட்-கெட் இன்ஸ்டால்ல --டவுன்லோட்-ஒன்லின்னு சேத்தா, இல்ல சுருக்கமா -டி போட்டா, எறக்கி அந்த ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டர்ல வெச்சுட்டு சும்மா இருக்கும். எதையும் தொடாது. நடுவுல நெட் போச்சுன்னா பாதி எறங்குனது பார்ஷியல்னு உள் ஃபோல்டர்ல கெடக்கும், அடுத்த தடவ அங்கேருந்தே தொடரும், முதல்லேருந்து இல்ல. அப்புறம் நெட் இல்லாதப்ப, கரண்ட் இருக்கறப்ப, அதே கமாண்ட -டி இல்லாம அடிச்சா இருக்கறத எடுத்து வெச்சுக்கும். ஒரே ஒரு கண்டிஷன், ரெண்டுக்கும் நடுவுல ஆப்ட் அப்டேட் அடிக்கக்கூடாது. அடிச்சா லிஸ்ட் புதுசாயிரும், புது வெர்ஷன் வந்துருந்தா அதத்தான் கேக்கும், நீங்க கஷ்டப்பட்டு எறக்குனது பழசாயிரும். ரெண்டு தடவ இப்டி முட்டாளாயிருக்கேன்.

கரண்ட் கதைக்கு வர்றேன். கடை மிஷின்ல யூபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருஷமாச்சு, மாமா "அடுத்த மாசம், அடுத்த மாசம்"னு ஓட்டிக்கிட்டு இருந்தாரு. ஒரு நாள் லிப்ரே ஆபீஸ் அப்கிரேட் ஓடிக்கிட்டு இருக்கு, அன்பேக்கிங் அன்பேக்கிங்னு வரி மேல வரி, டப்புன்னு எல்லாம் இருட்டு. எதிர்த்த கடை ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகுற சத்தம் கேக்குது, எனக்கு நெஞ்சு அடிக்குது. நாலு மணி நேரம் கழிச்சு கரண்ட் வந்து ஆன் பண்ணா, நல்லவேள, பூட் ஆச்சு. ஆப்ட் அடிச்சா, டிபிகேஜி நடுவுல அறுந்துருச்சு, நீயே டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ அடின்னு வந்துச்சு. எவ்ளோ மரியாதயான எர்ரர் பாருங்க, வியாதியும் சொல்லி மருந்தும் சொல்லுது. ஆனா நான் அத நம்பாம நெட்ல தேடுனேன், யாரோ ஒரு புண்ணியவான் லாக் ஃபைல அழிங்கன்னு எழுதிருந்தாரு, பூட்டுங்கற லாக், முன்னாடி சொன்ன ஹிஸ்டரி லாக் இல்ல. அத மட்டும் செய்யாதீங்க. லாக்குங்கறது அந்த ஃபைல் இருக்கா இல்லயாங்கறதுல இல்ல, ஓடிக்கிட்டு இருக்கற புரோகிராம் அத புடிச்சுருக்காங்கறதுலதான். கரண்ட் போனா புரோகிராம் செத்துச்சு, பிடியும் போச்சு, ஃபைல் மட்டும் சும்மா கெடக்கும். உண்மையிலயே லாக் இருக்குன்னு எர்ரர் வந்தா வேற ஏதோ ஒண்ணு, முக்காவாசி தானா ஓடற அப்டேட், வேல செஞ்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அது முடியட்டும், ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.

கடைசில அது சொன்னதத்தான் அடிச்சேன். பாதில நின்ன பேக்கேஜ ஒவ்வொண்ணா எடுத்து முடிச்சுச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் ரொம்ப மோசமான நெலமைல இருக்கு, திரும்ப இன்ஸ்டால் பண்ணுன்னுச்சு, --ரீஇன்ஸ்டால் போட்டு அதையும் முடிச்சேன், மிச்சம் மீதிக்கு ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால். அவ்ளோதான். இது எப்டி முடியுதுன்னா, டிபிகேஜி எந்த ஃபைலையும் நேரா பழசு மேல எழுதாது. பக்கத்துல .டிபிகேஜி-நியூன்னு ஒரு பேர்ல எழுதும், எழுதுனது டிஸ்க்குல நெஜமா எறங்குச்சான்னு உறுதி பண்ணிக்கும், அப்புறம்தான் பேர மாத்தி பழசு எடத்துல வெக்கும். ஒவ்வொரு பேக்கேஜும் எந்த நெலமைல இருக்குன்னு /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்ல எழுதிக்கிட்டே வரும், பிரிச்சாச்சு, பாதி கான்ஃபிகர் ஆச்சு, முழுசா ஆச்சுன்னு. பழைய ஹார்ட் டிஸ்க்குல இன்ஸ்டால் மாட்டு வண்டி மாதிரி போறதுக்கு இந்த உறுதி பண்ற வேலயும் ஒரு காரணம். முன்னாடி அத திட்டுவேன். இப்ப திட்டறதில்ல. இத எழுதுனவன் ரங்கூன்ல இருந்துருப்பானோன்னு அன்னிக்கு ஒரு நிமிஷம் தோணுச்சு.

ரிமூவ், பர்ஜ் வித்தியாசம் கேட்டு நெறய பேரு மெசேஜ் போடறீங்க. ரிமூவ் பண்ணா புரோகிராம் போகும், /ஈடிசிங்கற சிஸ்டம் ஃபோல்டர்ல இருக்கற அதோட செட்டிங் ஃபைல் இருக்கும். வாடகைக்கு இருந்தவன் காலி பண்ணிட்டு பீரோவ மட்டும் விட்டுட்டு போற மாதிரி, நாளைக்கு திரும்ப வந்தா அதே பீரோ. டிபிகேஜி -எல் அடிச்சு பாத்தீங்கன்னா இன்ஸ்டால் ஆனது ஐஐன்னு இருக்கும், இப்டி பீரோ மட்டும் கெடக்கறது ஆர்சின்னு இருக்கும். பர்ஜ் பண்ணா அதுவும் போகும். ஆனா ரெண்டுமே உங்க ஹோம் ஃபோல்டர்ல இருக்கற, பேருக்கு முன்னாடி புள்ளி வெச்ச செட்டிங் ஃபைலுங்கள தொடாது, அது உங்க சொத்து. பிரவுசர பர்ஜ் பண்ணிட்டு திரும்ப போட்டேன், பழைய ஹிஸ்டரியெல்லாம் அப்டியே இருக்கேன்னு ஒரு தம்பி பதறுனான், காரணம் இதான் தம்பி. பர்ஜ்ல ஒரே எடத்துல எனக்கு வேர்த்துருக்கு. மாமா கடை கடன் கணக்க மரியாடிபிங்கற டேட்டாபேஸ்ல சின்னதா போட்டு வெச்சுருந்தேன், சர்வர் ஏதோ மக்கர் பண்ணுதுன்னு பர்ஜ் அடிச்சா, டேட்டாபேஸையும் சேத்து அழிச்சுரவான்னு ஒரு நீலப் பெட்டி வந்து கேட்டுச்சு. கை எண்டர் மேல. யார் யார் எவ்ளோ தரணும்னு அத்தனையும் அதுலதான். வேணாம்னு சொல்லிட்டு, பேக்கப் எடுத்துட்டு, அன்னிக்கு அதோட விட்டேன். அது கேக்குற மாதிரி எல்லா பேக்கேஜும் கேக்காது.

மோல்மேன்ல எங்க சித்தப்பா பையன் இருக்கான், அவன் வீட்டு கம்ப்யூட்டர்ல நெட்டே கெடையாது, ஃபோன் மட்டும்தான். அவனுக்கு படம் வரையற இங்க்ஸ்கேப் வேணும்னான். ஆஃப்லைன் மிஷினுக்குன்னே ஆப்ட்-ஆஃப்லைன்னு ஒண்ணு இருக்கு. போன தீபாவளிக்கு போயிருந்தப்ப அத அவன் மிஷின்ல போட்டு வெச்சுட்டு வந்தேன். அவன் அதுல ஆப்ட்-ஆஃப்லைன் செட் அடிச்சா என்னென்ன வேணும்னு ஒரு குட்டி ஃபைல் எழுதும், அத ஃபோனுக்கு மாத்தி வைபர்ல அனுப்புனான். நான் இங்க அந்த ஃபைல குடுத்து ஆப்ட்-ஆஃப்லைன் கெட் அடிச்சேன், வேண்டியதையெல்லாம் எறக்கி ஒரே ஜிப்பா கட்டிருச்சு. பெண் டிரைவ்ல போட்டு, ஒரு பழைய மாத்திர டப்பால வெச்சு, அவுங் மிங்கலா பஸ் ஸ்டாண்டுல மோல்மேன் பஸ்ஸுல குடுத்து விட்டேன். மறுநாள் காலைல அவன் போயி வாங்கி ஆப்ட்-ஆஃப்லைன் இன்ஸ்டால் அடிச்சுட்டு, வழக்கமான இன்ஸ்டால் கமாண்ட போட்டான், வேல முடிஞ்சுது. "அண்ணே, பஸ்ல சாஃப்ட்வேர் வருதுண்ணே"ன்னு சிரிக்கறான். நல்ல நாள்லயே நம்ம நெட்ட விட அந்த பஸ்தான்டா ஸ்பீடுன்னேன். திரும்ப அனுப்பும்போது அதே டப்பால அவங்க அம்மா கருவாட்டுத் தூள் போட்டு அனுப்பி, பெண் டிரைவ் இன்னிக்கும் வாசம் அடிக்குது.

ஆட்டோரிமூவ் பத்தி மட்டும் ஒரு வார்த்த. அது கெட்டது இல்ல. நீங்க கேட்டு வந்தது எது, கூட வந்தது எதுன்னு ஆப்ட் குறிச்சு வெச்சுருக்கும், கேட்டது போனதும் கூட வந்தத எடுத்துரலாம்னு சொல்றது, அவ்ளோதான். கூட வந்ததுல நீங்க தெனம் யூஸ் பண்றது இருந்தா ஆப்ட்-மார்க் மேனுவல்னு அதோட பேர போட்டு அடிச்சுட்டீங்கன்னா அது நீங்க கேட்டு வந்ததாயிரும், அப்புறம் தொடாது. நான் புது மிஷின்ல முதல் வேலயா நெட்வொர்க் மேனேஜருக்கு இத அடிச்சு வெச்சுர்றேன். சூடு கண்ட பூன.

நேத்து ராத்திரிக்கு வர்றேன். சாயங்காலம் ஃபோன் சிக்னல் நல்லா இருந்தப்ப எறக்கி வெச்சதெல்லாம் கரண்ட் வந்ததும் போட்டேன், ஒன்னேகாலுக்கு முடிஞ்சுது. கூடவே அதே பழைய செய்தி, 31 பேக்கேஜ் இனிமே தேவையில்ல, ஆட்டோரிமூவ் போடுன்னு. போட்டா, கிட்டத்தட்ட அர ஜிபி மிச்சமாகும், தொடரவான்னு கேட்டுச்சு. லிஸ்ட்ட மேலேருந்து கீழ ஒரு தடவ படிச்சேன். பதினேழாவதா ஒரு பேரு, அது எதுக்குன்னு தெரியல, தேடிப் பாக்கலாம்னா சிக்னல் ஒரு கோடுகூட இல்ல. மேல டேங்க் நெறஞ்சு தண்ணி வழியற சத்தம், அம்மா "மோட்டார நிறுத்துடா"ன்னு கத்துறாங்க. வேணாம்னு 'என்' அடிச்சுட்டு எந்திரிச்சேன்.